பிராண்டின் நற்பெயரைச் சமூக ஊடக எண்களால் அளக்க முடியுமா, எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்கள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. 'வெளியே நமக்கு என்ன பெயர் இருக்கிறது, மாதாமாதம் ஓர் எண்ணாகக் கொடுங்கள்' என்று மேலாளர் கேட்கிறார். ஃபாலோயர், லைக், ரீச் (பதிவைப் பார்த்த தனி ஆட்களின் எண்ணிக்கை), மென்ஷன் (பிறர் உங்கள் பெயரைக் குறிப்பிடும் பதிவுகள்) இவற்றில் எதை எடுப்பது, இதற்கென்று கட்டணக் கருவி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த எண் என்பதைவிட, எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இதில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். அதை முதலில் தீர்த்துக்கொண்டால் கருவி பற்றிய முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் ஒரு பிரிவினை செய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நடப்பவை ஒரு வகை: ஃபாலோயர், லைக், ரீச், எங்கேஜ்மென்ட் (லைக், கமென்ட், ஷேர் எல்லாம் சேர்ந்தது). நீங்கள் அழைக்காமலேயே மற்றவர்கள் உங்களைப் பற்றி வேறு இடங்களில் பேசுவது இன்னொரு வகை. முதல் வகை உங்கள் பதிவுகள் எப்படிப் போகின்றன என்பதைக் காட்டும். பெயர் இருப்பது இரண்டாவதில்தான். ஃபாலோயர் எண்ணிக்கை குவிந்துகொண்டே போகிற எண். கோபத்தில் விலகுகிறவர்கள் சிலர், மனம் மாறியும் விலகாமல் கிடப்பவர்கள் பலர். எனவே அது பழைய நாள்களின் கணக்கையே பெரும்பாலும் காட்டிக்கொண்டிருக்கும். எங்கேஜ்மென்ட் விகிதத்தில் வேறொரு சிக்கல், வகுக்கும் எண். ஒரு பதிவுக்கு 300 லைக், கமென்ட், ஷேர் சேர்ந்து வந்திருக்கின்றன என்று வையுங்கள். 10,000 ஃபாலோயரால் வகுத்தால் 3 சதவீதம். 2,500 ரீச்சால் வகுத்தால் 12 சதவீதம். 4,000 இம்ப்ரெஷனால், அதாவது பதிவு திரைகளில் தோன்றிய மொத்தத் தடவையால் வகுத்தால் 7.5 சதவீதம். மூன்றுமே சரியான கணக்குதான். மற்றொரு நிறுவனம் வெளியிட்ட விகிதத்தோடு உங்களுடையதை ஒப்பிடும் முன் அவர்கள் எதால் வகுத்தார்கள் என்று தெரியாவிட்டால் ஒப்பிடவே வேண்டாம்.

அந்த 300-க்குள் பாராட்டு எத்தனை, திட்டு எத்தனை என்பதையும் விகிதம் சொல்லாது. கிண்டல் செய்யப் பகிர்ந்ததும் ஷேர்தான். ஃபேஸ்புக்கின் கோபக் குறி உங்கள்மீதான கோபமாகவும் இருக்கலாம், நீங்கள் சுட்டிக்காட்டிய அநியாயத்தின்மீதான கோபமாகவும் இருக்கலாம். எக்ஸ் தளத்தில் மட்டும் ஒரு தோராயமான அறிகுறி உண்டு: ஒரு பதிவுக்கு லைக்கையும் மறுபகிர்வையும் மிஞ்சிப் பதில்கள் குவிந்தால் பெரும்பாலும் அது எதிர்ப்பு. அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்பதற்கான மணியாக அதை வைத்துக்கொள்ளலாம், அளவீடாக அல்ல.

இனி இரண்டாம் வகை. வேலை தொடங்குவது தேடல் வாக்கியத்தில், அதாவது தேடலில் கொடுக்கும் சொற்களின் தொகுப்பில். பிராண்டின் பெயர், அதன் வழக்கமான எழுத்துப் பிழைகள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் உள்ள வடிவங்கள், முக்கியமான பொருள்களின் பெயர்கள், கணக்கை டேக் செய்யாமல் பெயரை மட்டும் சொல்லும் பேச்சு, இவை எல்லாம் அதில் வர வேண்டும். டேக் செய்தவற்றை மட்டும் எண்ணினால் புகார்கள் அளவுக்கு மீறித் தெரியும். உதவி வேண்டுகிறவர் டேக் செய்வார், நண்பரிடம் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் செய்யமாட்டார். பெயர் பொதுச்சொல்லாக இருந்தால், வேறு பொருளில் வரும் பதிவுகளைத் தள்ளும் விலக்குச் சொற்கள் கட்டாயம். வாக்கியத்தை எழுதியபின் கிடைத்தவற்றிலிருந்து 100-ஐக் குலுக்கி எடுத்துப் படியுங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவை 10-க்கு மேல் இருந்தால் வாக்கியத்தைத் திருத்துங்கள். இதற்கு எதிர்ச் சோதனையும் வேண்டும்: உங்களைப் பற்றியவை என்று ஏற்கெனவே தெரிந்த 30 பதிவுகளைத் தனியாகச் சேர்த்துவைத்து, அவற்றில் எத்தனை தேடலில் அகப்படுகின்றன என்று பாருங்கள். முதல் சோதனையைப் பலர் செய்வார்கள். இரண்டாவதை விட்டுவிடுவார்கள், விடுபட்டது கண்ணில் படாது என்பதுதான் காரணம்.

அடுத்தது துப்புரவு. உங்கள் சொந்தப் பதிவுகள், ஊழியர்களுடையவை, பணம் கொடுத்து எழுதவைத்தவை, பரிசுப்போட்டிக்காக டேக் செய்தவை, ஒரே செய்தியை அப்படியே ஒட்டியவை எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பரிசுப்போட்டி நடந்த மாதத்தில் மென்ஷன் எண்ணிக்கை எகிறும், நேர்மறை விகிதமும் ஏறும். அதில் ஒன்றுகூட உங்கள் பெயரைப் பற்றிய தகவல் அல்ல. பிறகு, பதிவுகளை எண்ணுவதோடு நிற்காமல் ஆட்களை எண்ணுங்கள். ஒரே வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் 40 முறை புகார் எழுதினால் அது 40 எதிர்மறை மென்ஷன், ஆனால் ஓர் ஆள். அவருடைய புகாரைத் தீர்ப்பது அவசர வேலை; ஆனால் ஊரே உங்களைத் திட்டுகிறது என்று அறிக்கை எழுத அது ஆதாரமாகாது. அட்டவணையில் பெயர்களை வைத்திருக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு குறியீட்டு எண் போதும், அதுவே அவர்களுக்கும் நியாயம்.

இப்போது முக்கியமான கட்டம்: கையால் படித்துக் குறியிடுவது. ஒரு மாதத்தில் 3,000 மென்ஷன் வந்தால் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். குலுக்கல் முறையில் 400 எடுங்கள். முதல் 400 அல்ல, அதிக லைக் வாங்கிய 400-உம் அல்ல. எக்செலில் ரேண்டம் எண் கொடுத்து வரிசைப்படுத்தி மேலிருந்து 400. ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிகள் போதும்: பேச்சு உண்மையில் உங்களைப் பற்றியதா, எந்த விஷயம், அதாவது பொருளின் தரமா, விலையா, சேவையா, டெலிவரியா, நிறுவனத்தின் நடத்தையா, சாய்வு நேர்மறையா, எதிர்மறையா, நடுநிலையா, கலப்பா, எதிர்மறை என்றால் எவ்வளவு கடுமை. ஒன்றுக்கு 20 நொடி வீதம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நிறுவனம் நற்பெயரை அளக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அந்த 400-ல் ஒரு 100-ஐ இன்னொருவரும் தனியாகக் குறியிடட்டும். இருவரும் எத்தனையில் ஒத்துப்போனீர்கள் என்பதை வெறும் சதவீதமாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பதிவுகளில் 80 சதவீதம் நடுநிலை, 10 நேர்மறை, 10 எதிர்மறை என்றால், இருவரும் படிக்காமலேயே அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் 66 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலாக வரும் இந்த ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடும் அளவுக்குக் கோஹன் கப்பா என்று பெயர். 1960-ல் வந்த எளிய சூத்திரம், எக்செலிலேயே போடலாம். முழுதும் ஒத்துப்போனால் 1, வெறும் தற்செயல் என்றால் 0. 0.6-க்குக் கீழே வந்தால் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் குறியீட்டு விதிகள் தெளிவில்லாமல் இருக்கும். கருத்து வேறுபட்ட பதிவுகளை எடுத்து உட்கார்ந்து பேசி, விதியை எழுதி வையுங்கள். 'பொருள் நல்லா இருக்கு, ஆனா விலை அதிகம்' என்பது கலப்பா எதிர்மறையா என்பது போன்ற தகராறுகள் அங்கேதான் தீரும்.

400 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 400-ல் 30 சதவீதம் எதிர்மறை என்று வந்தால், 95 சதவீத நம்பகத்தில் பிழை எல்லை ஏறக்குறைய 4.5 புள்ளி. அதாவது உண்மை 25.5-க்கும் 34.5-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. 100 மட்டும் படித்தால் எல்லை 9 புள்ளியாக விரியும். இரண்டு மாதங்களை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும்; 400 வீதம் படித்திருந்தாலும் 6 புள்ளிக்கு மேல் நகர்ந்தால்தான் மாற்றம் என்று சொல்லத் துணியலாம். கடந்த மாதம் 30, இந்த மாதம் 33 என்றால் நேர்மையான வாசகம் 'மாற்றம் தெரியவில்லை' என்பதே. மாத அறிக்கைகளில் சிவப்பு அம்புக்குறி போட்டுக் கூட்டம் கூட்டுகிற ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் அடங்கிவிடுபவை. அதற்காக ஒரு குழு நாள்கணக்கில் காரணம் தேடி அலைவதைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு மாதத்துக்கு 40 மென்ஷன்தான் வருகிறதென்றால் சதவீதமே போடாதீர்கள். நாற்பதையும் படித்து, எண்ணிக்கையாகவே எழுதி, போக்கைக் காலாண்டுக்கு ஒரு முறை பாருங்கள்.

நிகர சாய்வு என்ற எண்ணைப் பல கருவிகள் காட்டும். அதற்கு இரண்டு சூத்திரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நேர்மறை 120, எதிர்மறை 80, நடுநிலை 800 என்று கொள்வோம். நேர்மறையிலிருந்து எதிர்மறையைக் கழித்து மொத்தம் 1,000-ஆல் வகுத்தால் 4 சதவீதம். நடுநிலையை விட்டுவிட்டு 200-ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஒரே தரவு, இரண்டு எண்கள். கருவி மாறிய மாதத்தில் நற்பெயர் திடீரென்று 'ஐந்து மடங்கு' ஆவது இப்படித்தான். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்ததை அறிக்கையின் அடியில் எழுதிவிடுங்கள். கருத்துச் சொன்னவர்களின் மனநிலை தெரிய இரண்டாவது சூத்திரம் உதவும். ஆனால் கருத்துச் சொன்னவர்கள் குறைவாக இருக்கும் மாதத்தில் அது கண்டபடி ஆடும்.

கடுமை என்று ஒரு குறி கேட்டேனே, அதை எந்தச் சராசரியிலும் கலக்காதீர்கள். டெலிவரி தாமதம் என்று 60 பேர் சொல்வதும், பொருள் சூடாகித் தீப்பிடித்தது என்று மூன்று பேர் சொல்வதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. பாதுகாப்பு, ஏமாற்று, பாகுபாடு பற்றிய புகார்கள் ஒன்றே ஒன்று வந்தாலும் அப்படியே எடுத்து அறிக்கையின் மேலே வையுங்கள். குலுக்கலில் அவை தப்பிவிடக்கூடும் என்பதால், இவற்றுக்கு மட்டும் 'தீ', 'ஷாக்', 'மோசடி' போன்ற சொற்களை வைத்து முழுத் தொகுப்பிலும் தனியாகத் தேட வேண்டும்.

சாய்வைத் தானியங்கியாகக் கண்டறியும் மென்பொருள்களை எவ்வளவு நம்பலாம்? சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு பொருளைப் பற்றி நேரடியாக எழுதிய விமர்சனம் என்றால் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. கிண்டலில் தடுமாறும்: 'ரொம்ப நன்றி, மூணாவது தடவையும் தப்பான பொருளையே அனுப்பினதுக்கு' என்பதில் நன்றியைப் பிடித்துக்கொண்டு நேர்மறை என்று போட்டுவிட வாய்ப்பு அதிகம். இரண்டு பிராண்டை ஒப்பிட்டு எழுதிய பதிவில் திட்டு யாருக்கு என்பதைக் குழப்பும். தமிழில் இடர் இன்னும் கூடுதல். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது, ஒரே வாக்கியத்தில் இரு மொழிகள் கலக்கும், 'வெறித்தனம்', 'கொல மாஸ்' போன்ற பாராட்டுகள் சொற்பட்டியலை நம்பும் மென்பொருளுக்கு வசவாகத் தெரியும். பெரிய மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போன்றவற்றின் அடிப்படை) வைத்து இயங்கும் புதிய கருவிகள் சூழலைக் கூடுதலாகப் பிடிக்கின்றன. ஆனாலும் உங்கள் தரவில் சோதிக்காத வரை எந்தத் துல்லிய சதவீதத்தையும் ஏற்க வேண்டாம். மகிழ்ச்சி, அருவருப்பு, எதிர்பார்ப்பு என்று உணர்ச்சி வாரியாகப் பிரித்துக் காட்டும் வண்ணச் சக்கரங்களை முடிவெடுக்கப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறு பதிவில் எந்த உணர்ச்சி என்பதில் படிக்கிற மனிதர்களே ஒத்துப்போவதில்லை.

திடீரென்று பேச்சு எகிறும் நாள்களுக்குத் தனி அணுகுமுறை தேவை. முதலில் வழக்கமான அளவு தெரிந்திருக்க வேண்டும்: கடந்த எட்டு வாரங்களின் வார எண்ணிக்கையில் இடைநிலையை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு பரபரப்பு வாரமே அதை இழுத்துவிடும். எகிறியது எனில் எத்தனை தனி ஆட்கள், எத்தனை பேர் இதற்கு முன்பு உங்களைப் பற்றிப் பேசியவர்கள், எத்தனை வெறும் மறுபகிர்வு என்று பிரியுங்கள். 2010 அக்டோபரில் கேப் ஆடை நிறுவனம் தன் லோகோவை மாற்றியது. இணையத்தில் எழுந்த எதிர்ப்பில் ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே பழைய லோகோவுக்குத் திரும்பியது. அப்படிப்பட்ட நாள்களில் இரைச்சலின் அளவை வைத்து மட்டும், பேசுகிறவர்கள் துணி வாங்குகிறவர்களா, வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்று சொல்லிவிட முடியாது. உச்சத்தைவிட வால்தான் முக்கியம்: நான்கு வாரம் கழித்து எதிர்மறை விகிதம் பழைய நிலைக்கு வந்துவிட்டதா, அல்லது சம்பந்தமில்லாத பதிவுகளின் கீழும் அந்தப் பழைய விவகாரத்தைக் கிளறுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது நடந்தால் பெயரில் கறை ஒட்டிக்கொண்டது என்று துணிந்து எழுதலாம்.

நட்சத்திர மதிப்பீடுகளையும் இதோடு சேர்க்கலாம், எச்சரிக்கையோடு. மிகவும் பிடித்தவரும் மிகவும் நொந்தவரும்தான் எழுத முன்வருவார்கள். நடுவில் இருப்பவர் பேசாமல் போய்விடுவார். ஐந்து பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த இடத்தில் ஒருவர் ஒன்று கொடுத்தால் சராசரி 4.33-க்கு விழும், 500 மதிப்பீடு உள்ள இடத்தில் அதே ஒன்று அசைவே காட்டாது. ஆகையால் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, கடைசி 90 நாளில் வந்த புதியவற்றில் ஒன்று, இரண்டு நட்சத்திரங்களின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

நீண்டகால வரைபடம் போடுகிறவர்கள் தளங்கள் செய்யும் மாற்றங்களைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். யூடியூப் 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்தது. ட்விட்டர் 2023-ல் இலவச ஏபிஐ (மென்பொருள்கள் தளத்திலிருந்து நேரடியாகத் தரவு பெறும் வழி) வழியாகத் தரவு எடுக்கும் வசதியைப் பெருமளவு மூடியது. எக்ஸ் என்று பெயர் மாறியபின் 2024 ஜூனில் யார் எதற்கு லைக் போட்டார்கள் என்பதை மற்றவர்களிடமிருந்து மறைத்தது. மெட்டா 2024 ஆகஸ்டில், பொதுப் பதிவுகளின் பரவலைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் என்ற தன் கருவியை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் சில கருவிகளின் எண்கள் நின்றன அல்லது குதித்தன. அந்த இடத்தில் செங்குத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் ஒப்பிடாமல் விடுவதே சரி. உங்கள் தேடல் வாக்கியத்தை நீங்களே திருத்தினாலும் அதே கோடு வேண்டும்.

இனி, கருவி விற்பனையாளர்கள் விரும்பிக் காட்டும் மூன்று எண்களைப் பற்றி. பேச்சுப் பங்கு, அதாவது துறையின் மொத்தப் பேச்சில் உங்கள் பங்கு, சிக்கலில் மாட்டிய மாதத்திலும் ஏறும். சாய்வோடு சேர்க்காமல் தனியாகப் போடாதீர்கள். சாத்திய ரீச் என்பது உங்களைக் குறிப்பிட்டவர்களின் ஃபாலோயர்களை எல்லாம் கூட்டியது. 50,000 ஃபாலோயர் உள்ள பத்துப் பேர் பேசினால் 5,00,000 என்று காட்டும். அந்தப் பத்துப் பேரையும் பின்தொடர்கிறவர்களில் பெரும்பகுதி ஒரே ஆட்களாக இருக்கலாம், ஒவ்வொரு பதிவும் ஃபாலோயர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் போய்ச் சேரும். மூன்றாவது, கிடைத்த பேச்சை விளம்பரக் கட்டணமாக மாற்றிப் பண மதிப்புச் சொல்வது. விளம்பரச் செலவுக்கு நிகரான தொகை தகவல்தொடர்பின் மதிப்பாகாது என்று அளவீட்டுத் துறையினர் 2010-லேயே பார்சிலோனா கோட்பாடுகளில் வெளிப்படையாக அறிவித்துவிட்டார்கள். அதை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கண்ணுக்குத் தெரிவது பொதுவெளிப் பேச்சு மட்டுமே. வாட்ஸ்அப் குழுக்கள், மூடிய குழுக்கள், தனிச்செய்திகளில் நடக்கும் பரிந்துரையும் புலம்பலும் எந்தக் கருவிக்கும் அகப்படாது. சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் பிரதிநிதியும் அல்ல. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கூகுள் ட்ரெண்ட்ஸில் பிராண்டின் பெயரையும், பெயரோடு 'புகார்', 'ரீஃபண்ட்' சேர்ந்த தேடல்களையும் பார்ப்பது. அங்கே வரும் 0 முதல் 100 என்பது தேடல் எண்ணிக்கை அல்ல, அந்தக் காலத்தின் உச்சத்தை 100 ஆக வைத்த ஒப்பீடு. தேடுகிறவர்கள் குறைவென்றால் ஒன்றும் காட்டாது. மற்றொன்று வாடிக்கையாளர்களிடமே கேட்பது. ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் 2003-ல் முன்வைத்த என்பிஎஸ் முறைக்கு ஒரே கேள்வி: பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள். 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். கேட்காமலே, பதிவுகளின் சாய்வை வைத்து 'சமூக என்பிஎஸ்' என்று காட்டும் கருவிகள் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு அளவு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். விற்பனையோடு தொடர்புபடுத்துவதில் இன்னும் நிதானம் வேண்டும். விலைக்குறைப்பும் பருவமும் விளம்பரமும் பேச்சையும் விற்பனையையும் ஒன்றாகவே ஏற்றிவிடும்.

ஆக, உங்கள் மேலாளருக்கு என்ன கொடுப்பது? பல எண்களுக்கு எடை போட்டுக் கலந்து '78 மதிப்பெண்' என்று கொடுக்காதீர்கள். எடைகளை யார் தீர்மானித்தார் என்று கேட்டால் பதில் இருக்காது, 78 ஏன் 74 ஆனது என்றாலும் சொல்ல முடியாது. ஓர் எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பேசிய தனி ஆட்களில் எதிர்மறையாகப் பேசியவர்களின் பங்கைப் பிழை எல்லையோடு கொடுங்கள். அதன் கீழே மொத்தம் எத்தனை பேர் பேசினார்கள், எந்த மூன்று விஷயங்களைப் பற்றிக் குறைப்பட்டார்கள் என்று இரண்டு வரி, கடுமையான புகார்கள் இருந்தால் அவற்றின் வாசகம் அப்படியே. பதில் சொல்ல எடுத்த நேரத்தையும் போடலாம், சராசரியாக அல்ல, இடைநிலையாக. ஆனால் அது உங்கள் குழுவின் செயல்பாடு, மக்கள் கருத்து அல்ல என்று பிரித்துக் காட்டுங்கள். இந்த எண்ணை யாருடைய ஊக்கத்தொகையோடும் கட்டாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். கட்டிவிட்டால் அடுத்த மாதமே பரிசுப்போட்டிகள் பெருகும், கமென்ட்கள் அழியும், எண் ஏறும், பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கட்டணக் கருவியை முதல் மூன்று மாதம் வாங்க வேண்டாம். தளங்களின் சொந்தத் தேடலும் எக்செலும் போதும். தேடலில் கிடைப்பது முழுத் தொகுப்பாக இருக்காது என்பதை மட்டும் அறிக்கையில் எழுதிவிடுங்கள். அதற்குள் கையால் குறியிட்ட ஆயிரம் பதிவுகளுக்கு மேல் உங்களிடம் சேர்ந்திருக்கும், அதுதான் பேரம் பேசுவதற்கான ஆயுதம். அவற்றில் 200-ஐ எடுங்கள், எதிர்மறை 60 இருக்கும்படி. விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, இந்த 200-ஐ அவர்கள் கருவியில் ஓட்டச் சொல்லுங்கள். மொத்தத் துல்லியத்தைக் கேட்காதீர்கள். எல்லாவற்றையும் 'எதிர்மறை இல்லை' என்று போட்டாலே 70 சதவீதம் சரியாகிவிடும். அந்த 60-ல் எத்தனையைப் பிடித்தது, எதிர்மறை என்று அது சொன்னவற்றில் எத்தனை உண்மையில் எதிர்மறை, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். 60-ல் 45-க்குக் குறைவாகப் பிடிக்கும் கருவியைப் பதிவுகளைத் திரட்டித் தருவதற்காக வேண்டுமானால் வாங்கலாம். சாய்வுக் குறியை அணைத்துவிட்டு, மாதம் 400-ஐ நீங்களே படியுங்கள்.